அந்த டியூப் லைட்ட மாத்திட்டியா

அம்மாடி,

ரூம்ல அந்த டியூப் லைட்ட மாத்திட்டியா இல்லையா? ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டுக்கும் ஒரு கட்டைவிரல் தான் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல உன் தலைக்குப் பின்னாடி அது வெட்டி வெட்டி எரிஞ்சத பார்த்தேன். கேமராவுக்கு நல்ல லைட்டே மினுக்கற மாதிரி தெரியும்பான்னு சொன்ன, வாஸ்தவம் தான், நல்ல டியூப்பே செகண்டுக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, அதுல பயமில்ல. ஓரம் கறுத்துப்போனது அப்படி இல்ல, இஷ்டத்துக்கு மெதுவா துடிக்கும், அந்த மெதுவான துடிப்பு தான் உனக்கு ஆகாது.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலாம். அக்கா பையன் நடக்க ஆரம்பிச்சிட்டான். அதெல்லாம் அப்புறம் சொல்றேன்.

உனக்கு மூளை அலை டெஸ்ட் எடுத்தன்னைக்கு தலை பூரா பசை வச்சு வயர் ஒட்டி, முகத்துக்கு நேரா விளக்க வச்சாங்கல்ல, நான் ஸ்கிரீனையே பார்த்துட்டு நின்னேன். நீ கண்ண மூடுனதும் பின்மண்டை கோட்டுல செகண்டுக்கு பத்து அலை, ஒரே சீரா, தொறந்ததும் காணாம போச்சு. 1929லயே ஹான்ஸ் பெர்கர்னு ஒரு ஜெர்மன் டாக்டர் இத எழுதியிருக்காரு, ஆல்ஃபான்னு பேரு வச்சதும் அவர்தான், நான் பிற்பாடு தேடிப் படிச்சேன். அப்புறம் விளக்கு மின்ன ஆரம்பிச்சது, எட்டு தடவை மின்னுனா எட்டு அலை, பன்னெண்டு மின்னுனா பன்னெண்டு, தாளத்துக்கு ஜதி சொல்ற மாதிரி. இது எல்லார் மூளையும் பண்றது தான்மா, என்னுதும் பண்ணும், 1934ல இங்கிலாந்துல ஏட்ரியன், மேத்யூஸ்னு ரெண்டு பேர் இத பார்த்து எழுதியாச்சு. உனக்கு 15 தாண்டுனதும் தாளத்தோட நிக்காம கோடெல்லாம் கூர் கூரா கிளம்பிடுச்சு, உடனே விளக்க அணைச்சுட்டாங்க. அவ்வளவு தான் வித்தியாசம், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

1997ல ஜப்பான்ல ஒரு டிவி கார்ட்டூன்ல செவப்பும் நீலமும் செகண்டுக்கு 12 தடவை மாறி மாறி அடிச்சு 600க்கு மேல பிள்ளைங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க, நிறைய பேருக்கு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே வந்ததில்ல. அதனால தான் சொல்றேன், டியூப்ப மாத்து.

இன்னொண்ணு, மின்னுனா கண்ண இறுக்கி மூடிக்கோன்னு சின்னதுல சொல்லிக் கொடுத்தேன், அது தப்பு. மூடுன இமைக்குள்ள வெளிச்சம் செவப்பா பரவி இன்னும் மோசமாகும். உள்ளங்கையால ஒரு கண்ண முழுசா பொத்திட்டு தலைய அந்தப் பக்கம் திருப்பிக்கணும். ஒரு கண்ணு, ரெண்டும் இல்ல.

தூங்குறியா? ராத்திரி மூணு மணிக்கெல்லாம் உன் பேருக்குக் கீழ ஆன்லைன்னு காட்டுது. தூக்கம் கெட்டா சாதாரணமா தாங்கற வெளிச்சம் கூட தாங்காது. நீ பத்து பேர வச்சு வேலை வாங்குறேன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லி மாளல, எனக்கும் நெஞ்சு நெறஞ்சு தான் இருக்கு, ஆனா பத்து பேர பாத்துக்கறவளுக்கு அப்பாவுக்கு ஒரு வரி எழுத நேரமில்லையா.

ஞாயித்துக்கிழமை ஏதோ விழுந்து உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு. கை தட்டிடுச்சுப்பான்னு சொல்லி வச்சிட்ட. காலைல ஏழரை மணி அப்போ.

பத்தாவது படிக்கறப்போ காலைல எழுந்து வந்ததும் உன் கையிலேருந்து டம்ளர் எகிறி விழும். கையில பிடிமானம் இல்லையா, நெனப்பெல்லாம் எங்கன்னு கத்துவேன், ஒரு நாள் கையும் ஓங்கிட்டேன். அப்புறம் டாக்டர் கேட்டாரு, காலைல கை வெடுக்குனு இழுக்குமா, பிடிச்சது விழுமான்னு. நீ என் மூஞ்சிய பார்த்த. நான் அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர், வெறும் மயக்கம் தான்னு சொன்னேன். வலிப்புங்கற வார்த்தைய யார் காதுலயும் போடக்கூடாதுன்னு நெனச்சேன்மா, உன் டாக்டர் காதுல கூட. அந்த விளக்கு காட்டிக் கொடுக்கலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன். கை தட்டிடுச்சுன்னு சொல்ல உனக்குக் கத்துக்கொடுத்ததே நான் தான்.

டியூப்ப மாத்திட்டு போன் பண்ணு. ராத்திரி வேணாம், காலைல எழுந்ததும் பண்ணு. அப்பா கத்த மாட்டேன்.

அப்பா