பியர்ஸ் பட்லரின் பக்கத்தில் விடுபட்டவர்கள்: ஒரு திறந்த மடல்

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களைப் பற்றிய பாடக்குறிப்பைத் தொகுத்த குழுவினருக்கு,

வணக்கம். திருத்திய பதிப்பில் பியர்ஸ் பட்லருக்கு முழுப் பக்கம் தந்திருக்கிறீர்கள். அயர்லாந்தில் 1744இல் பிறந்தது, பிரிட்டிஷ் படையில் அதிகாரியாக இருந்தது, தென் கரோலினாவின் முதல் செனட்டர்கள் இருவரில் ஒருவரானது எல்லாம் இருக்கின்றன. அவருடைய அடிமைகளைப் பற்றி முந்தைய பதிப்பில் இருந்த ஒரே வரியைக் காணவில்லை. அதைத் திரும்பச் சேருங்கள்.

பின்னணி நீங்கள் அறியாததல்ல. தப்பியோடும் அடிமைகளைக் குற்றவாளிகளைப் போல ஒப்படைக்க வேண்டும் என்று 1787 ஆகஸ்ட் 28 அன்று, அரசியல் சட்டத்தை வகுத்த பிலடெல்பியா மாநாட்டில், பட்லரும் தென் கரோலினாவின் இன்னொரு பிரதிநிதியான சார்லஸ் பிங்க்னியும் கோரினார்கள். அது பொதுப் பணத்தில் நடக்க வேண்டியிருக்கும் என்று பென்சில்வேனியா பிரதிநிதி ஜேம்ஸ் வில்சன் ஆட்சேபித்தார். மறுநாளே பட்லர் வாசகத்தை மாற்றிக் கொண்டுவந்தார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. 1865இல் அடிமை முறை ஒழியும்வரை அரசியல் சட்டத்தின் அந்த விதி நடைமுறையில் இருந்தது. அவர் செனட்டில் செய்த எந்தக் காரியம் இத்தனை பேரின் வாழ்வைத் தொட்டது? அதை விட்டுவிட்டு எழுதுவது எப்படி வாழ்க்கை வரலாறு ஆகும்?

பட்லர் என்ற குடும்பப் பெயரை ஏற்றால்தான் சொத்து என்று மகள்வழிப் பேரர்களுக்கு நிபந்தனை விதித்துவிட்டு 1822இல் அவர் இறந்தார். அப்படிப் பெயர் மாற்றிக்கொண்ட பேரன் ஒருவர், கடனை அடைக்க, 1859 மார்ச் 2, 3 தேதிகளில் ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகருக்கு அருகே குதிரைப் பந்தயத் திடலில் 429 அடிமைகளை ஏலத்தில் விற்றார். அதற்கு முந்தைய நாட்களில் அவர்களை அடைத்து வைத்திருந்தது குதிரைக் கொட்டடிகளில். 23 வயது ஜெஃப்ரிக்கு ஏலப்பட்டியலில் எண் 319. அவர் நேசித்த டார்கஸுக்கு எண் 278. தன்னை வாங்கியவரிடம், அவளையும் வாங்கிவிடுங்கள் என்று ஜெஃப்ரி மன்றாடினார். டார்கஸைக் குடும்பத்தோடு நால்வராகத்தான் விற்பார்கள் என்று தெரிந்ததும் அந்த மனிதர் பின்வாங்கிவிட்டார். இருவரும் பிரிந்தார்கள். அந்த ஏலத்தைக் கறுப்பின மக்கள் இன்றும் அழுகையின் காலம் என்றே நினைவுகூர்கிறார்கள்.

பட்லர் ஒருவர் பக்கத்தில் மட்டுமா இப்படி? பிங்க்னியின் பக்கத்திலும் இதே மௌனம்தான். பண்ணைகளின் பெயர்களை எழுத இடம் இருக்கிறது. அவற்றில் உழைத்துச் செத்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. மாணவர்களுக்கு எதை மறைக்கிறோம், யாருக்காக மறைக்கிறோம்?

கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் வேண்டுகோள் ஒன்றே: நீக்கிய வரியைத் திரும்பச் சேருங்கள், 1787ஆம் ஆண்டு விதியையும் 1859ஆம் ஆண்டு ஏலத்தையும் அதனுடன் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் பட்லரின் உருவப்படத்தைச் சிறிதாக்கலாம். அடுத்த அச்சுக்கு முன் இதைச் செய்ய அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்