படத்தின் கட்டங்கள் ஏன் வரிசையாக நிரம்புவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும் எங்கள் ரெண்டரிங் மென்பொருளின் புதிய பதிப்பில், படத்தின் கட்டங்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிரம்புவதைப் பார்த்து, ஏதும் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கோளாறு இல்லை, கோர்களுக்கு (கணினிச் செயலியில் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளுக்கு) வேலை போய்ச்சேரும் முறையைத்தான் மாற்றியிருக்கிறோம்.

வெறும் சுவர் தெரியும் கட்டம் சட்டென்று முடிந்துவிடும். கண்ணாடிக் குவளை உள்ள கட்டத்தில் ஒளிக்கதிர் பட்டுப் பட்டு விலகுவதால் வேலை இழுத்துக்கொண்டே போகும். எது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது இறங்கிப் பார்க்கும்வரை தெரியாது. முன்கூட்டியே சமமாகப் பங்கு போட்டால் ஏழு கோர்கள் சும்மா இருக்க, எட்டாவது மட்டும் குவளையோடு மல்லுக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே பொது வரிசையில் வைக்கலாம்தான். ஆனால் வேலைகள் சிறியவையாகவும் கோர்கள் நிறையவும் இருந்தால், ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் அனுமதிக்கும் அந்த வரிசையின் பூட்டுக்காகக் காத்திருப்பதிலேயே நேரம் போய்விடும்.

இப்போது ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை. கனமான கட்டம் வந்தால் கோர் அதை நான்காகப் பிரித்துத் தன் வரிசையிலேயே போட்டுக்கொள்ளும். கடைசியாகப் போட்டதை முதலில் எடுக்கும். சற்றுமுன் தொட்ட தரவு, கோருக்கு அருகிலுள்ள வேகமான நினைவகமான கேஷிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். கையில் வேலை தீர்ந்த கோர், வேறொரு கோரைத் தற்செயலாகத் தேர்ந்து, அதன் வரிசையின் மறுமுனையிலிருந்து ஒன்றைத் திருடும். அங்கே இருப்பது பழைய வேலை, பெரும்பாலும் பெரிய துண்டு. அதனால் அடிக்கடி திருட வேண்டியதில்லை. சொந்தக்காரரும் திருடுபவரும் எதிரெதிர் முனைகளில் கைவைப்பதால் மோதலும் அபூர்வம். 'வேலைத் திருட்டு' (work stealing) எனப்படும் இந்த முறைக்கு எங்களை இழுத்தது இதுதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான சில்க் (Cilk) நிரல்மொழி இந்த முறையைப் பரவலாக்கியது. 2011இல் வந்த ஜாவா 7 நிரல்மொழிப் பதிப்பிலும் இது இடம்பிடித்தது. கணினி ஆய்வாளர்கள் புளூமோஃபும் லெய்சர்சனும் 1999இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு கணக்கும் தருகிறது: சராசரியாக ஆகும் நேரம், மொத்த வேலையைக் கோர்களின் எண்ணிக்கையால் வகுத்த அளவு, அதோடு, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று நீளும் சங்கிலிக்கு ஏற்ற ஒரு கூடுதல். அந்தச் சங்கிலியை எத்தனை கோர் சேர்த்தாலும் குறைக்க முடியாது. அதிகக் கோர் உள்ள கணினி வாங்கும் முன் இதை மனதில் வையுங்கள்.

அப்புறம், அமைப்புகளில் உள்ள குறைந்தபட்சக் கட்ட அளவை மிகவும் குறைக்காதீர்கள். துண்டு பொடியானால் அதைப் பிரித்துப்போடும் செலவே வேலையை விஞ்சிவிடும். ரெண்டரிங் ஓடும்போது வேறு நிரல்களையும் பயன்படுத்துபவர்கள், கோர் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வைத்தால் போதும்.

அன்புடன்,
மென்பொருள் குழு