முனியாண்டிக்கு: குளத்தங்கரை மேடை பற்றி

ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள முனியாண்டி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நீச்சல் பழகுகிறான் என்று படித்து மகிழ்ந்தோம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? இங்கே எல்லாரும் நலம். மூத்தவளுக்கு பட்டர்வொர்த்துக்கு மாற்றலாகிவிட்டது; தினமும் ஃபெரியில் போய் வருகிறாள்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாய். கெப்போங்கில் மகன் வாங்கிய வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல அவனும் பலகை மேடை போட்டு ஒரு சிறு படகைக் கட்டி வைக்கப் போகிறான் என்று. அதைப் படித்த பிறகு எனக்கு மனம் சரியாக இல்லை. உரிமம் கைக்கு வராமல் ஒரு கம்பம்கூட நட வேண்டாம் என்று அவனிடம் சொல்.

அது அழகுக்காக வெட்டிய குளம் இல்லை. மேல்பகுதியின் மழைநீர் ஒரேயடியாக ஆற்றில் இறங்காமல் பிடித்து வைக்கும் தேக்கக் குளம். காலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் கரையில், மாலை மழைக்குப் பிறகு ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். வேலிக்கும் தண்ணீருக்கும் இடையில் காலியாகக் கிடக்கிறதே, அது யாரும் கவனிக்காத நிலம் இல்லை. வடிகாலுக்கென்று ஒதுக்கிய நிலம். வண்டல் அள்ள மண்வாரி இயந்திரம் போய்வர வேண்டிய வழி. அங்கே கால் ஊன்றிய மேடையில் மூங்கில், மெத்தை, பிளாஸ்டிக் என்று அடித்து வருவதெல்லாம் சிக்கிக்கொள்ளும். 2017 நவம்பர் வெள்ளத்தை நாங்கள் பார்த்தவர்கள். கடல் ஏற்றமும் பெருமழையும் ஒன்றாக வந்தால் சுங்கை பினாங்கு ஆற்றில் ஓட்டத்துக்கு ஒரு சாண் இடம்கூட எவ்வளவு முக்கியம் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. நிலம் அரசாங்கத்துடையது, மேடை உன் மகனுடையது. அடுத்த தெருப் பையன் தூண்டிலோடு வருகிறான், உளுத்த பலகை உடைகிறது என்று வைத்துக்கொள். வழக்கு என்று வந்தால், மேடையைக் கட்டியது யார், அதைக் கையில் வைத்திருப்பது யார் என்றுதான் கேட்பார்கள். 'அது என் நிலமே இல்லை' என்ற பதில் அவனைக் காப்பாற்றாது. அறிவிப்புப் பலகை மாட்டிவிட்டேன் என்பதும் போதாது. குழந்தைகள் விஷயத்தில் சட்டம் கூடுதல் கவனத்தை எதிர்பார்க்கிறது. வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே என்று அவன் நினைக்கலாம். எல்லைக்கு வெளியே அனுமதியில்லாமல் கட்டியதற்கு அது பொறுப்பேற்குமா என்று பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்.

நிலத்தைப் பிடித்ததற்கான தண்டனை தனி. தேசிய நிலச் சட்டத்தின் 425ஆம் பிரிவில் 500,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பல வருடமாக வைத்திருக்கிறார் என்கிறாய். எத்தனை காலம் அனுபவித்தாலும் அரசு நிலத்தில் உரிமை பிறக்காது என்று அதே சட்டத்தின் 48ஆம் பிரிவு சொல்கிறது.

இங்கே பினாங்குக் கடற்கரையில், வெல்ட் கீயில், தண்ணீருக்குள் கால் ஊன்றிய சீனக் குடும்பங்களின் ஜெட்டிக் குடியிருப்புகள் நிற்கவில்லையா என்று நீ கேட்பாய். அங்கே இருப்பவர்களும் டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமத்தில்தான் இருக்கிறார்கள். அது அந்தந்த ஆண்டோடு முடிவது; மறுபடி புதுப்பிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடமாக இருந்தும் கோய் ஜெட்டி 2006இல் இடிக்கப்பட்டது.

பார்த்தும் பேசாமல் இருந்த ஊராட்சி மன்றமும் பொறுப்பேற்க வேண்டாமா? எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இடிந்து விழுந்த ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியை நினைத்துப் பார். 1993 டிசம்பர் 11 அன்று 48 உயிர்கள் போயின. மலைச்சரிவில் தண்ணீர் சரியாக வடியாததும் அதற்கு ஒரு காரணம் என்று நீதிமன்றம் கண்டது. வடிகாலைக் கவனிக்காத பக்கத்து நில உரிமையாளர்மேல் பொறுப்பு விழுந்தது. ஊராட்சி மன்றத்தையோ, தெரு, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆம் பிரிவைக் காட்டி 2006இல் கூட்டரசு நீதிமன்றம் விடுவித்தது. அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. மன்றம் கண்டும் காணாமல் இருப்பதை அனுமதி என்று நம்பி ஒருவன் பணம் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தண்ணீரோரம் உட்கார அவன் ஆசைப்படுவதில் தவறே இல்லை. குடியிருப்பாளர் சங்கத்தின் மூலம் எல்லாருக்குமாக ஒரே மேடை கேட்கட்டும். கைப்பிடியோடு மன்றமே கட்டி, மன்றமே பராமரிக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கட்டும். மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் வரட்டும். வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் ஒரு நகல் போக வேண்டும். ஏற்கெனவே மேடை போட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல். அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

நிலப்பட்டாவோடு வந்த வரைபடத்தின் நகலை எனக்கு அனுப்பு. எல்லைக்கல் எங்கே என்று பார்த்துச் சொல்கிறேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும்போது மகனையும் கட்டாயம் அழைத்து வா, நானே அவனிடம் பேசுகிறேன். அதுவரை தச்சனுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
செல்வராஜு