டிப் ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு எழுது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் ஸ்டியரிங் பிடிக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் லாரியைப் பற்றி நீ எழுதியிருந்த செய்திகள்தாம் என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தன. இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது என்கிறாய். நன்றாகச் சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது என்கிறாய். முதலாவதற்குப் பேட்டரியையும் இரண்டாவதற்கு என்ஜின் தண்டைத் தாங்கும் பேரிங்கையும் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்கு எதையும் மாற்றாதே. இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பது என் ஐயம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார். நீ ஆயில் ஊற்றாமலே அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், வேறு ஏதோ உள்ளே இறங்குகிறது என்று பொருள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் அது தண்ணீர். அந்த வழக்கு வேறு. கறுப்பாகவே இருந்தால் துளி விழும் விதத்தைக் கவனி. நல்ல ஆயில் குச்சியின் நுனியில் சற்றுத் தயங்கி நூலாக இழுத்து விழும். டீசல் கலந்த ஆயில் சொட்டென்று விழுந்துவிடும். விரலிடையே தேய்த்து முகர்ந்தாலும் வாடை காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் தாளில் ஒரு துளி விட்டு வைத்தால், கரிய நடுப்பகுதியைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் ஒன்று அகலமாகப் பரவும்.

டீசல் அங்கே எப்படிப் போகிறது என்று கேட்பாய். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் சவ்வான டயஃப்ரம் கிழிந்தாலோ, ஃபியூயல் இஞ்செக்‌ஷன் பம்பின் முன்பக்க சீல் தேய்ந்தாலோ டீசல் வெளியே ஒழுகாமல் நேராக, என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் இறங்கும். தரையில் ஒரு சொட்டுக்கூட இராது. இரவில் அவ்வழியே டீசல் லைன் வடிந்து காற்று புகுந்துவிடுவதால், அந்தக் காற்று வெளியேறும்வரை, என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்கு டீசல் எட்டுவதில்லை. மறுபக்கம், நீர்த்துப்போன ஆயில் பேரிங் இடைவெளிகளில் எளிதாக வழிந்துவிடுகிறது. சூட்டில் அது மேலும் இளக, பம்ப் மெதுவாகச் சுற்றும் ஐட்லிங்கில் அழுத்தம் விழுந்து விளக்கு எரிகிறது.

இதை நான் வருந்திக் கற்றேன். முன்பு ஒரு லாரிக்கு இதே ஆயில் விளக்கை நம்பிச் சம்ப்பை இறக்கி, மெயின் பேரிங், பிக் எண்ட் பேரிங் அனைத்தையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். புது ஆயில் ஊற்றியதால் சில நாள் விளக்கு அணைந்திருந்தது. மூன்றாவது வாரம் மறுபடி எரிந்தது. கழற்றி வைத்திருந்த பழைய பேரிங்குகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்: தேய்ந்தால் வெளிப்படும் அடிச்செம்பு எங்கும் தெரியவில்லை, சாம்பல் நிறம் சீராக இருந்தது. கிழிந்திருந்தது ஃபீட் பம்பின் டயஃப்ரம். அந்த ஓட்டுநர் இழந்த நாட்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

டிப் ஸ்டிக்கில் குறை இல்லையென்றால், விளக்கையும் டேஷ்போர்டு மீட்டரையும் நம்பாமல், ஆயில் பிரஷர் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, என்ஜின் சூடான பிறகு அளந்து பார். நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குச் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்பது பட்டறைகளில் வழங்கும் தோராயக் கணக்கு. உன் வண்டியின் கையேடு சொல்லும் எண்ணே முடிவானது. கேஜ் சரியாகக் காட்டினால் பழுது சென்சாரிலோ வயரிலோதான். உண்மையாகவே குறைவாக இருந்தால்தான் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வு, சம்ப்பிலுள்ள வலைவடிகட்டியான ஸ்ட்ரெய்னர், ஆயில் பம்ப், கடைசியாகப் பேரிங் என்று போக வேண்டும்.

ஸ்டார்ட்டிங்குக்கு ஒரு சோதனை சொல்கிறேன். காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் கையால் அடித்து லைனில் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடி. முதலில் கைக்கு வெறுமையாக இறங்கி, பல அடிகளுக்குப் பின் இறுகி, அதன்பின் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் லைன் இரவில் வடிகிறது என்பது உறுதி. ஆயிலிலும் டீசல் இல்லையென்றால், டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் ஹோஸ், கிளிப், வாஷர் ஆகியவற்றில் காற்று இழுக்கும் இடத்தைத் தேடு. நடுவில் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு ஒன்றைச் சேர்த்தால் குமிழிகளே காட்டும். செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அப்போது ஸ்டார்ட்டிங்குக்கு முன் சூடேற்றும் ஹீட்டர், கம்ப்ரஷன், நாசில் பக்கம் பார். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பேட்டரியையும் அளந்துவிடு: 24 வோல்ட் வண்டியில் ஓய்வில் 25.2 அளவில் இருந்து, செல்ஃப் அடிக்கையில் ஏறத்தாழ 19-க்குக் கீழே விழாதிருந்தால் அதன் மீது பழி இல்லை.

அவசரத்தில் ஈதர் ஸ்பிரே அடிக்க யாரையும் விடாதே. ஹீட்டர் உள்ள என்ஜினில் அது காற்று உள்ளே போகும் இன்டேக்கிலேயே வெடிக்கக்கூடும். ஆயில் அளவு உண்மையிலேயே ஏறியிருந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். சம்ப்பில் கலந்த டீசல், என்ஜினின் காற்றுப்போக்கியான பிரீதர் வழியாக இழுக்கப்பட்டால், சாவியை அணைத்தும் நிற்காமல் என்ஜின் தானே வெறிகொண்டு சுற்றிச் சிதறும். அதன் அருகில் நீ நிற்பதை நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. கசிவைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்.

டிப் ஸ்டிக் எவ்வளவு காட்டியது, பிரைமர் எத்தனை அடிக்கு இறுகியது என்ற இரண்டையும் மட்டுமாவது நாளையே எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்