செந்நாய்க் குட்டி ஒரே கோலில் திருந்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சிறுவர் இணைப்பில் வரும் செந்நாய்க் குட்டியின் படத்தொடரை நாங்கள் பயிற்சி தரும் கால்பந்துப் பிள்ளைகள் விடாமல் படிக்கிறார்கள். உலகக் கோப்பைக்கென்று வரையப்பட்ட விலங்குகள் பல உண்டு. 1966இல் இங்கிலாந்தின் சிங்கம் வில்லி, 2010இல் தென்னாப்பிரிக்காவின் சிறுத்தை ஸகுமி, 2017இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் படைச்சிறுத்தை கேலியோ. எல்லாம் சிரித்த முகத்தோடு வந்து நின்றவை. களவும் கடியுமாகத் திரிந்த ஒரு குட்டியை நாயகனாக்கத் தங்கள் ஓவியர் துணிந்திருக்கிறார். அதனால்தான் சென்ற வாரப் பகுதி எங்களை வருத்தியது.

தேங்காய் திருடியதற்காகக் கோச் கரடி குட்டியை மூன்று ஆட்டங்கள் வெளியே உட்கார வைக்கிறது. பிறகு இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் குட்டி இறங்கிக் கோல் போடுகிறது, திருந்திவிடுகிறது. இரண்டுமே தவறான பாடம். தொடர் முடிய இன்னும் வாரங்கள் இருப்பதால் எழுதுகிறோம்.

வெளியே உட்கார வைப்பதுதான் பயிற்சியாளர்கள் பலருக்கும் முதலில் தோன்றும் தண்டனை. மாலை ஐந்து முதல் ஏழு வரை மைதானத்தில் இருந்த பிள்ளை, விலக்கப்பட்டால் அந்த இரண்டு மணி நேரத்தை வேறு யாரோடாவது கழிப்பான். நாம் யாரிடமிருந்து அவனை இழுத்து வந்தோமோ, பெரும்பாலும் அவர்களோடுதான். பயிற்சியை மட்டும் ஒருபோதும் பறிக்கக் கூடாது. அதற்குப் பதில் கோட்டுக்கு உள்ளேயே ஒரு பொறுப்பு கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு விசில் பிடிப்பது நல்ல பொறுப்பு. நேற்று நடுவரைத் திட்டியவன் இன்று பத்து நிமிடம் நடுவராக நின்றால், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வான். பந்துப் பையைப் பார்த்துக்கொள்வது இன்னொன்று. இதில் கவனம் தேவை. கைநீண்ட பிள்ளை என்று பெயர் வாங்கியவனிடம் பையைக் கொடுத்தால், ஒரு பந்து குறைந்தாலும் பழி நேரே அவன் மேல் விழும். ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் எல்லார் முன்னிலையிலும் சத்தமாக எண்ண வேண்டும், கூடவே வேறொரு பிள்ளையும் இருக்க வேண்டும்.

கதையில் குட்டி முதல் நாளே பதினொருவர் அணியில் இறக்கப்படுகிறது. புதுப் பிள்ளைக்குப் பெரிய மைதானத்தில் பந்து காலில் படுவதே அரிது. வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கோலுக்கு உதைக்கும் பயிற்சி இன்னும் மோசம். சண்டை பந்து காலில் இருக்கும்போது வருவதைவிட வரிசையில் காத்திருக்கும்போதுதான் அதிகம் வருகிறது. பக்கத்துக்கு நான்கு பேர், ஏறத்தாழ 30க்கு 20 மீட்டர் இடம், இரண்டு மீட்டர் இடைவெளியில் இரண்டு கோன் (கூம்பு) வைத்த கோல், கோல்கீப்பர் கிடையாது, பத்து நிமிட ஆட்டம். இப்படி ஆடினால் ஒருவரும் சும்மா நிற்க மாட்டார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 4ஆம் அளவுப் பந்து போதும்: சுற்றளவு 63.5 முதல் 66 சென்டிமீட்டர், எடை 350 முதல் 390 கிராம். பெரியவர்களின் 5ஆம் அளவுப் பந்து 410 முதல் 450 கிராம். அதைக் கொடுத்தால் பிள்ளை கால்விரல் நுனியால் குத்தத்தான் பழகும்.

எங்கள் முக்கியமான வேண்டுகோள் இனிமேல்தான்: குட்டியின் அணி வேறொரு ஆட்டமுறையையும் பழகிப் பார்க்கட்டும். 1994 உலகக் கோப்பையில் தன் கோலிலேயே பந்தைத் திருப்பிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பியதும் ஜூலை 2ஆம் தேதி மெதெயின் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே நகரின் குடியிருப்புகளில் சில ஆண்டுகளுக்குள் ஒரு புது ஆட்டமுறை தொடங்கியது. பையன்களும் பெண்களும் கலந்த அணிகள். முதல் கோலைப் பெண்தான் போட வேண்டும். நடுவர் இல்லை. இன்று பல நாடுகளில் ஆடப்படும் இந்த முறையில் ஆட்டத்துக்கு மூன்று பாகம். முதலில் இரு அணிகளும் வட்டமாக உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்யும். அடுத்து ஆட்டம். தவறு செய்தவனே கையைத் தூக்கி ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு மறுபடி வட்டம். எதிரணி பேசி வைத்தபடி நடந்ததா என்று ஒவ்வொரு அணியும் மற்றதற்குப் புள்ளி தரும். கோல் கணக்கில் ஜெயித்த அணி மொத்தப் புள்ளியில் தோற்கவும் கூடும்.

தொடக்க வாரங்களில் இது சறுக்கும். தோற்ற அணி ஆத்திரத்தில் சுழியம் போடும். காரணமான ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் புள்ளி குறைக்க முடியாது என்று விதி வைத்தால் அது அடங்கும். கடைசி வட்டம் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. சுண்டலோ வாழைப்பழமோ கொடுப்பதாக இருந்தால் பேச்சு முடிந்த பிறகுதான். முன்பே கொடுத்தால் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வட்டத்தை நடத்தும் பெரியவர் தீர்ப்புச் சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். எங்களுக்கு இதுதான் மிகக் கடினம். தங்கள் கரடிக்கும் அப்படியே இருக்கும், அதை வரையலாம்.

தோற்றால் வீட்டுக்கு என்ற நாக்அவுட் போட்டியையும் மாற்றக் கோருகிறோம். எட்டு அணி வந்தால் நான்கு அணி ஒரே ஆட்டத்தோடு போய்விடும், அவற்றில்தான் நம் கவனம் அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோதும் லீக் முறையில் எல்லாரும் கடைசி நாள் வரை ஆடுவார்கள்.

குட்டி மறுபடியும் ஒருமுறை திருட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம். சில மாதம் ஒழுங்காக வந்த பிள்ளை நீண்ட விடுமுறைக்குப் பிறகோ வீட்டில் ஏதாவது நடந்த பிறகோ பழைய வழிக்குப் போவது உண்டு. அன்றைக்குக் குட்டியைத் தேடிப் போவது யார், திரும்பி வரும்போது அணி என்ன சொல்கிறது என்பதை இரண்டு வாரம் நிதானமாகக் காட்டுங்கள். செந்நாய்க் கூட்டத்தில் தாய் மட்டுமல்ல, மற்றவையும் குட்டிகளுக்கு இரை கொண்டு வந்து ஊட்டும். கூட்டத்தைத் தொலைத்த குட்டிக்கு அணிதான் கூட்டம் என்று காட்ட வேறு விலங்கே தேவையில்லை. செந்நாய்கள் விசில் அடிப்பது போன்ற ஒலியால் ஒன்றையொன்று கூப்பிடும் என்பதையும் ஓவியருக்குச் சொல்லுங்கள். குட்டி பந்து கேட்டு விசிலடிக்க, நடுவரின் விசில் என்று எல்லாரும் நின்றுவிட்டால் ஒரு வாரத்துக் கதை கிடைத்துவிடும்.

படங்களில் இரண்டு திருத்தம். பெனால்டி உதைக்கும் நொடியில் கீப்பர் முயல் கோட்டைத் தாண்டி முன்னே நிற்கிறது. ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ, அதற்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். அடுத்தது, வால் ஆஃப்சைடா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கைகளைத் தவிர்த்து, தலை, உடல், பாதம் ஆகியவற்றில் எந்தப் பகுதி பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் முந்தி அவர்கள் கோல் பக்கம் இருந்தாலும் ஆஃப்சைடு நிலை என்பதே விதி. வால் உடலில் சேரும். எனவே வால் முந்தியிருந்த சென்ற வாரத்துக் கோல் செல்லாது.

இப்படிக்கு,
இளையோர் கால்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை