தனுஷ்கோடியில் பேய்கள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனுஷ்கோடிப் புயலின் நினைவு நாளையொட்டி நமது மாவட்டக் கல்லூரி ஒன்றில் நடந்த அஞ்சலிக் கூட்டம் பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியைப் படித்தேன். விடுமுறை வந்துவிடும் என்று டிசம்பர் 22க்கு நான்கு நாள் முன்னதாகவே மெழுகுவர்த்தி ஏற்றி முடித்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. கல்லூரி நாட்காட்டியைப் பார்த்துப் புயல் வரவில்லையே! ஆனால், ‘மனித நடமாட்டமற்ற அந்தப் பேய் நகரத்தில் ரயிலோடு மடிந்தவர்களுக்கு அஞ்சலி’ என்ற வரியைப் படித்ததும் நாளிதழை மடித்து வைத்துவிட்டேன்.

1964இல் எனக்குப் பத்து வயது. என் தகப்பனார் தனுஷ்கோடியில் கரைவலை இழுத்தவர். பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோன அதே இரவில்தான் ஊரின் இருபுறமும் இருந்த ஆண்கடலும் பெண்கடலும் ஒன்றாகி எங்கள் குடிசைக்குள் புகுந்தன. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் மணல்மேட்டில் ஏறியதால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருக்கிறேன். என் அத்தையும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் மேட்டுக்கு வந்து சேரவில்லை. ரயிலில் போனவர்கள் நூறு பேருக்கு மேல் என்று ஆண்டுதோறும் எழுதுகிறீர்கள், எழுதத்தான் வேண்டும். அந்தப் புயலில் மாண்டவர்கள் மொத்தம் 1,800 பேர் வரை என்று சொல்லப்படுவதும் தாங்கள் அறியாததல்ல. அதில் ரயிலைக் கழித்தால் மிச்சம் இருப்பவர்கள் யார், ஐயா? ரயிலில் வந்தவர்களுக்குப் பயணச்சீட்டுக் கணக்காவது இருந்தது. குடிசையில் படுத்திருந்தவர்களுக்கு யார் சீட்டுக் கொடுத்தார்கள்?

ரயில் நிலையம், தபால் நிலையம், தலைமன்னாருக்குப் போன கப்பல் என்று கூட்டத்தில் அடுக்கினார்களாம். சேதமடைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்த பெருமையும் பேசப்பட்டதாம். உண்மைதான், பாலத்துக்கு 46 நாள். தனுஷ்கோடியின் கடைமுனையான அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வருவதற்கோ 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை மீன்கூடையைத் தலையில் சுமந்து மணலில் நடந்த பெண்களையும், ஊற்றுத் தோண்டிக் குடிநீர் இறைத்த குடும்பங்களையும் எந்த மேடையும் நினைத்ததாகத் தெரியவில்லை. இன்றைக்கும் அங்கே மீனவர்கள் குடியிருக்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள். இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படமெடுத்துக்கொள்ளும் மாணவர்கள், பொரித்த மீனும் பாசிமாலையும் பேய்களிடமா வாங்கிச் செல்கிறார்கள்?

அடுத்த டிசம்பரிலாவது ‘பேய் நகரம்’ என்ற சொல்லைத் தங்கள் நாளிதழ் தவிர்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டம் நடத்தும் கல்லூரியினர் எங்களுக்கு மேடையோ பொன்னாடையோ தர வேண்டாம். எங்களில் மிச்சமிருக்கும் முதியவர்கள் சிலரே. ஒரு குறிப்பேட்டோடு வந்து, குடிசைகளில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். என் அத்தையின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் நான் சொல்கிறேன். காலையில் வந்தால் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராமேஸ்வரம்.