மார்ச் பதினைந்துக்குள் வரும் கடிதம்

ஏப்ரல் 6, 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்ப்பதோடு நிறுத்திவிடாமல் தென்காசிக்கு ஒருமுறை அழைத்துப் போய் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தராமல் வைத்திருப்பதைப் பற்றி வருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். இங்கேயும் பள்ளிக்கூடத்தில் பணமில்லை என்று நான் சொன்னதும், "கலிபோர்னியாவிலா? கூகுளும் ஆப்பிளும் இருக்கிற ஊரிலா?" என்று கேட்டீர்கள். அன்று இரவு முழுவதும் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவர் நீங்கள். உங்களிடம் இதை விவரமாகச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நடந்ததை முதலில் சொல்கிறேன். மார்ச் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. யாழினியை அழைத்துவரப் போயிருந்தேன். அவளுடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியை எப்போதும் பிள்ளைகளை வாசல்வரை வரிசையாகக் கூட்டிவந்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி, கையைத் தட்டி அனுப்புவார். அன்றும் அப்படித்தான் அனுப்பினார், ஆனால் கண்கள் சிவந்திருந்தன. என்னவென்று கேட்டதும் மெல்லச் சொன்னார்: "எனக்குக் கடிதம் வந்துவிட்டது." அவர் இந்தப் பள்ளிக்கு வந்து இரண்டாவது வருடம்.

கலிபோர்னியாவில் ஒரு சட்டம் இருக்கிறது. அடுத்த கல்வியாண்டில் யாருக்கு வேலை இல்லாமல் போகக்கூடுமோ அந்த ஆசிரியருக்கு மார்ச் 15-ஆம் தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும். மே 15-க்குள் முடிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைப் 'பிங்க் ஸ்லிப்' (இளஞ்சிவப்புச் சீட்டு) என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் காட்டியது சாதாரண வெள்ளைக் காகிதம், மடித்து மடித்து ஓரம் நைந்திருந்தது. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பதுதான் விதி. எவ்வளவு நன்றாகப் பாடம் நடத்துகிறார் என்பதற்கு அங்கே இடமில்லை.

உங்கள் காலத்தில் உபரி ஆசிரியர் என்று கணக்கெடுத்துப் பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். முப்பது மைல் தள்ளிப் போட்டாலும் வேலை வேலைதான், சம்பளம் சம்பளம்தான். இங்கே அப்படி நிரவ வழியில்லை. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனி முதலாளி. மாவட்டம் என்றால் நம் திருநெல்வேலி, தென்காசி போல என்று நினைத்துவிடாதீர்கள். சில ஊர்களின் பள்ளிகளைச் சேர்த்து ஒரு பள்ளி மாவட்டம். கலிபோர்னியாவில் மட்டும் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எங்கள் மாவட்டத்தில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் கொண்ட கல்வி வாரியம் இருக்கிறது. அவர்களுக்குக் கீழே ஒரு கண்காணிப்பாளர். வரவு செலவு அவர்கள் பொறுப்பு. ஜூலை முதல் தேதிக்குள் பட்ஜெட்டை நிறைவேற்றியாக வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கே மூன்று கூட்டங்கள் ஆயின. பெரும்பகுதி மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவில் முடிவாகிறது. 2013-இல் கொண்டுவந்த முறைப்படி தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு, ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்பு இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் அந்தத் தலைக்கணக்கு எதை வைத்து என்று நினைக்கிறீர்கள்? சேர்க்கையை வைத்து அல்ல, அப்பா. தினசரி வருகையை வைத்து! வருகைப் பதிவேட்டில் யார் பெயருக்கு நேரே 'வந்தார்' என்று இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத்தான் அன்றையப் பணம். யாழினிக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் வீட்டில் படுத்திருந்தால் அந்த நான்கு நாளுக்குப் பள்ளிக்கு வருமானம் குறைகிறது. ஆசிரியர் சம்பளமோ விளக்குக் கட்டணமோ குறைவதில்லை.

இரண்டு வருடம் முன்பு தம்பி கல்யாணத்துக்கு மூன்று வாரம் ஊருக்கு வந்தோமே, அப்போது பள்ளி அலுவலகத்தில் என்னிடம் 'தனிப் படிப்பு ஒப்பந்தம்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யாழினி தினமும் எழுதினாளே, அந்தப் பாடங்களைத் திருப்பிக் கொடுத்தால் அந்த நாட்கள் வருகையாகக் கணக்கில் வரும். கல்யாணத்துக்குப் போவதற்கு இவ்வளவு சம்பிரதாயமா என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போதுதான் புரிகிறது.

பிள்ளைகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு கலிபோர்னியாவின் அரசுப் பள்ளிகளில் சுமார் 62 லட்சம் பேர் படித்தார்கள். இப்போது சுமார் 58 லட்சம். பிறப்பு விகிதம் குறைந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் வாடகை ஏறிய ஏற்றத்தில் சின்னக் குழந்தைகளோடு இருப்பவர்கள் டெக்சாஸ், நெவாடா என்று கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு குடும்பங்கள் போய்விட்டன. ஒரு பள்ளியில் முப்பது பிள்ளைகள் குறைந்தால் ஒரு வகுப்பறையின் வருமானம் போய்விட்டது. ஆனால் அந்த முப்பது பேரும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. வகுப்புக்கு ஐந்து பேராகப் போகிறார்கள். எந்த ஆசிரியரை நீக்குவது? எந்த அறையின் விளக்கை அணைப்பது? ஓராசிரியர் பள்ளியையும் நடத்திய உங்களுக்கு இந்தக் கணக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

இதோடு கொரோனாக் காலத்துப் பணமும் தீர்ந்துவிட்டது. மூன்று தவணையாகச் சுமார் 19,000 கோடி டாலரை மத்திய அரசு நாடு முழுவதும் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 2024 செப்டம்பரோடு கெடு முடிந்தது. அந்தப் பணத்தில்தான் எங்கள் பள்ளியில் ஒரு மன நல ஆலோசகரையும், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரையும் வைத்திருந்தார்கள். பணம் தீர்ந்தது, திணறும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்கு ஆகும் கூடுதல் செலவுக்கென்று ஒரு பங்கைத் தருவதாக 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மத்திய அரசு ஒப்புக்கொண்டது. ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் நாற்பது சதவீதம் வரை என்பது கணக்கு. பெரும்பாலான ஆண்டுகளில் அதன் பாதிகூட வந்ததில்லை. அந்தப் பிள்ளைகளை யாரும் கைவிட முடியாது, கைவிடவும் கூடாது. ஆகவே மாவட்டம் தன் பொதுப் பணத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுகிறது. நீங்கள் சமக்ர சிக்ஷா பற்றிச் சொன்னபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

சொந்த ஊரிலேயே வரி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். 1978-இல் மக்கள் ஓட்டெடுப்பில் 'புரோபொசிஷன் 13' என்று மாநில அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வீட்டு வரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, வீடு கைமாறும்வரை அந்த மதிப்பும் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. எங்கள் எதிர்வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியம்மாவால் அந்த வீட்டை விற்காமல் அங்கேயே இருக்க முடிவது இதனால்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றோடு பள்ளிப் பணத்தின் பிடி உள்ளூரிலிருந்து தலைநகருக்குப் போய்விட்டது. இப்போது உள்ளூரில் மிச்சமிருக்கும் வழி மனை வரி ஒன்றுதான். ஒரு மனைக்கு வருடத்துக்கு இவ்வளவு டாலர் என்று விதிப்பது. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் சரி என்றாலும் தோற்றுவிடும். கட்டடத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட ஐம்பத்தைந்து சதவீதம் போதும், ஆனால் அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடச் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. பெயின்ட் வாசனை போகாத புதிய அறிவியல் கூடத்தைக் காட்டி, "இதற்குப் பணம் இருக்கிறது, ஆசிரியருக்கு இல்லையா?" என்று ஒரு தகப்பனார் வாரியக் கூட்டத்தில் கத்தினார். அவர் கோபம் நியாயம்தான், ஆனால் விதி அப்படி.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டியது. பேச விரும்புகிறவர்கள் ஒரு சீட்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம். மேடையில் ஒரு சின்ன விளக்கு: பச்சை, மஞ்சள், பிறகு சிவப்பு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பேசாமல் வயலின் வாசித்தான். சிவப்பு எரிந்த பிறகும் தலைவர் அவனை நிறுத்தவில்லை. ஸ்பானிஷ் மட்டும் தெரிந்த தாய்மார்களுக்குக் காதில் மாட்டிக்கொள்ளும் கருவியில் மொழிபெயர்ப்பு வந்துகொண்டிருந்தது. அவர்களில் பலர் பத்து மணிக்கு எழுந்து போனார்கள், விடியற்காலை வேலை.

திரையில் வெட்டுக்குப் பிறகு மிஞ்சும் பணியிடங்களின் பட்டியலைப் போட்டார்கள். நூலகர் 0.4. ஆலோசகர் 0.5. முழு நேர வேலை ஒன்று என்றால் அதில் இவ்வளவு பங்கு என்று அர்த்தம். 0.4 நூலகர் என்றால் வாரத்தில் ஐந்து நாள் திறந்திருந்த நூலகம் இனி இரண்டு நாள். எனக்கு மனம் கொதித்துவிட்டது, அப்பா. செலவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மனிதர்களுடைய சம்பளமும் காப்பீடும் ஓய்வூதியமும்தான். ஆகவே எதைக் குறைத்தாலும் அது மனிதரைத்தான் குறைக்கும். அந்த மனிதரைப் புள்ளி வைத்து எழுதிவிட்டால் குறைப்பவர்களுக்குக் கை நடுங்காது போலிருக்கிறது.

கூட்டத்தில் இருநூறு பேர் ஒரு சிறிய பள்ளியை மூடக் கூடாது என்று சொல்ல வந்திருந்தார்கள். மூடி உபரியாகும் பள்ளி இடத்தை விற்பதற்கோ குத்தகைக்கு விடுவதற்கோ முன்பு ஏழிலிருந்து பதினொரு பேர் கொண்ட குழு ஒன்றைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதன் பெயரே 'ஏழு-பதினொன்று குழு'. கூட்டத்தைப் பார்த்துப் பள்ளி மூடும் யோசனையைத் தள்ளிவைத்தார்கள். நல்லதுதான். பக்கத்து ஓக்லாந்தில் 2022-இல் பள்ளிகளை மூட முடிவெடுத்தபோது இரண்டு பள்ளி ஊழியர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூடிய ஒரு பள்ளிக்குள் பெற்றோர் மாதக்கணக்கில் தங்கிப் போராடினார்கள். மறு ஆண்டு புதிய வாரியம் வந்து மிச்ச முடிவை ரத்து செய்தது. சான் பிரான்சிஸ்கோவிலும் போன அக்டோபரில் பள்ளி மூடும் திட்டத்தோடு கண்காணிப்பாளரும் போய்விட்டார். ஆனால் பற்றாக்குறை போகவில்லை. எங்கள் ஊரில் அது யார் தலையில் விழுந்தது? நூலகர் தலையில், இரவில் வகுப்பறை கூட்டுகிறவர் தலையில், யாழினியின் ஆசிரியை தலையில். அவர்களுக்காக இருநூறு பேர் வரவில்லை. யாருக்குக் கூட்டம் கூடவில்லையோ அவர்களிடமிருந்துதான் வெட்டு தொடங்குகிறது. அந்த இரவில் நான் பார்த்தது இதுதான்.

வாரியத்தில் இருப்பவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். எங்களைப் போல நடுத்தர அளவு மாவட்டம் செலவில் மூன்று சதவீதத்தையாவது கையிருப்பாக வைக்க வேண்டும், இந்த ஆண்டோடு அடுத்த இரண்டு ஆண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் பள்ளி மாவட்டங்களை மேற்பார்க்கும் கவுன்டிக் கல்வி அலுவலகம் தலையிடும், அதற்கும் மேல் போனால் மாநிலமே எடுத்துக்கொள்ளும். 2003-இல் ஓக்லாந்து அப்படித்தான் 10 கோடி டாலர் கடனோடு தன் அதிகாரத்தையும் இழந்தது, இருபது ஆண்டுகளுக்கு மேல் தவணை கட்டியிருக்கிறது. அந்தப் பயம் இவர்கள் முகத்தில் தெரிந்தது.

நானும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். என் முறை வந்தபோது பதினொன்றரை. கால் நடுங்கியது. உங்கள் பள்ளியில் பீரோ இல்லாததால் இரும்புப் பெட்டியில் நூறு புத்தகம் வைத்திருந்ததையும், சாவியை நீங்கள் பூட்டிவைக்காமல் ஆணியில் தொங்கவிட்டதையும் சொன்னேன். "எங்கள் அப்பாவிடம் நூலகர் இல்லை, ஆனால் ஐந்து நாளும் பெட்டி திறந்திருந்தது" என்றேன். அதற்குள் சிவப்பு எரிந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த நூலகர் அம்மா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. எங்கள் பள்ளியில் பெற்றோர் சங்கம் நிதி திரட்டி நூலகரின் மிச்ச மூன்று நாளுக்குச் சம்பளம் கொடுக்கலாமா என்று பேசுகிறார்கள். நாங்களும் பணம் கொடுத்துவிட்டோம். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியில் அப்படித் திரட்ட முடியாது. ஒரே மாவட்டம், ஒரே வாரியம், ஆனால் ஒரு பள்ளியில் நூலகம் ஐந்து நாள், இன்னொன்றில் இரண்டு நாள். மாவட்டம் முழுமைக்கும் ஒரே நிதியாகச் சேர்க்க வேண்டும் என்று உங்கள் மாப்பிள்ளை சங்கக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தார். பாதிப் பேர் முகம் கொடுக்கவில்லை. நாங்கள் விடப்போவதில்லை.

நவம்பரில் மனை வரிக்கு ஓட்டெடுப்பு வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. குடியுரிமை இல்லாததால் எங்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்க எந்தத் தடையும் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டியம்மாவிடம் முதலில் போகலாம் என்றிருக்கிறேன். அவர் பிள்ளைகள் படித்து முடித்து நாற்பது வருடம் ஆகிறது.

ஒவ்வொரு மே மாதமும் சேர்க்கைக்காக நீங்கள் மேலத்தெருவிலிருந்து காலனிவரை சைக்கிளில் போவீர்களே. வீட்டு வாரியாகப் பெயரெழுதி, எந்த வீட்டில் யாரிடம் பேச வேண்டும், எந்த நேரத்தில் ஆள் இருக்கும் என்றெல்லாம் ஒரு நீள நோட்டில் குறித்து வைத்திருந்தீர்கள். பரணில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பியை எடுக்கச் சொல்லி, இரண்டு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பத்தியை எப்படிப் பிரித்திருந்தீர்கள் என்று பார்த்து நானும் ஒரு நோட்டுப் போட வேண்டும்.

ஆசிரியை விஷயம் மே 15-இல் தெரியும். தெரிந்ததும் தொலைபேசி செய்கிறேன். யாழினி தாத்தாவுக்குத் தனியாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள், தமிழில்தான். 'ற'வும் 'ர'வும் மாறியிருக்கும், திருத்தி அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி